பதிவேட்டில் இல்லாத ஒரு சோடிச் சப்பாத்து

அடுத்த மாதத்திலிருந்து என் சனிக்கிழமைகள் எனக்கே சொந்தம். பதினொரு வருடங்கள் மேற்குச் சிட்னியில் வீடு விற்கும் ஏஜென்டாக மற்றவர்களின் வீட்டு வாசல்களில் நின்றுவிட்டு, இனி ஒரு சட்ட அலுவலகத்தில் வீட்டு உரிமைப் பத்திரங்கள் பார்க்கும் மேசைக்குப் போகிறேன். முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் என்னோடு இந்தத் தொழிலுக்கு வந்த ஏழு பேரில் இன்றைக்கு மிச்சம் நிற்பவள் நான் ஒருத்திதான். அதனால் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். ஆட்கள் வீடு பார்க்க வரும் அரை மணி நேரத்துக்குக் கொடியை எங்கே நடுவது, எந்த விளக்குகளைப் போட்டு வைப்பது, வீட்டுக்காரரை எப்படி நயமாகப் பேசி வெளியே அனுப்புவது என்பதெல்லாம் இரண்டு சனிக்கிழமைகளில் உங்களுக்குக் கைவந்துவிடும். அவற்றை எழுதப்போவதில்லை. நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அதனால் ஒரு மனிதருடைய உயிர் போகப் பார்த்தது.

அந்தப் பிழையை நான் ஏன் செய்தேன் என்பதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. இங்கே வந்தபோது எனக்குப் பத்து வயது. பதினொரு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த படிவங்கள் எல்லாவற்றையும் நானே நிரப்பினேன். விசா, வாடகை, அப்பாவின் தொழிற்சாலை விடுப்பு, தம்பியின் நீச்சல் வகுப்பு, எல்லாம். பிறகு அக்கம்பக்கத்துக்கும் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லிட்கம் ஃபிளாட்டின் குசினி மேசையைச் சுற்றி ஆட்கள் கடிதங்களோடு வந்து இருப்பார்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் கட்டத்துக்குள் எழுதுவதில் எனக்கு அப்போது வந்த பெருமை இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம். விற்பனை உரிமம் எடுத்து முதல் சனிக்கிழமை, வாசலில் நின்று வருகிறவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பதியும் வேலையை என்னிடம் தந்தபோது, இந்த வேலை எனக்காகவே இருந்தது போலத் தோன்றியது.

ஐந்தாறு வருடங்களில் நான் அதற்கும் மேலே போய்விட்டேன், அதாவது போய்விட்டதாக நினைத்தேன். வாசலுக்கு வரும் ஆளை அவர் வாயைத் திறக்கும் முன்பே எடை போடுவேன். மேற்கூரையை அண்ணாந்து பார்க்கிறவர் கட்டடம் தெரிந்தவர். அலுமாரியைத் திறந்து பார்க்கிற பெண் வாங்குவாள். முதலில் பக்கத்து வீட்டைப் பார்க்கிறவர்கள் இன்னும் ஆறு மாதத்துக்கு முடிவெடுக்க மாட்டார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்கள் தலைவி, முப்பது வருடம் இந்தப் பகுதியில் வீடு விற்ற லெபனான் குடும்பத்துப் பெண்மணி, விற்பனைக் கூட்டங்களில் என் பட்டியலை மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். யாருக்குத் திங்கட்கிழமை முதலில் போன் எடுக்க வேண்டும் என்பது அதில் துல்லியமாக இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் சனிக்கிழமை அங்கிள் வரத் தொடங்கினார்.

அந்தப் பெயரை அவருக்கு வைத்ததும் நான்தான். எழுபது வயது மதிக்கத்தக்க, மெலிந்த, எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். தனியே வருவார். பென்டில் ஹில், வென்ட்வர்த்வில் என்று எங்கள் விற்பனைப் பலகை எங்கே இருந்தாலும் ஆள் அங்கே இருப்பார். இரண்டு வாரம் அவருடைய பெயரையும் இலக்கத்தையும் கேட்டு எழுதினேன். திங்கட்கிழமை போன் எடுத்தால், "இன்னும் பாக்கிறம் பிள்ளை" என்பார். விலை கேட்க மாட்டார். வீடு ஏலத்துக்குப் போகும் நாளைக் கேட்க மாட்டார். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கீழே எத்தனை அறை? அதையும் கேட்டுவிட்டுத் தானே போய்ப் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவார். இந்த வெயிலில் ஏசிக் காற்று வாங்க வருகிறார் என்று அலுவலகத்தில் ஒருவர் பகிடி விட்டார். நானும் சிரித்தேன். இப்படி நேரம் போக்க வருகிறவர்கள் எல்லா ஏஜென்டுக்கும் உண்டு. மூன்றாவது வாரம் அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து அழித்தேன். அதன் பிறகு அவரைப் பார்த்தால் தலையை ஆட்டி உள்ளே விட்டுவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை பென்டில் ஹில்லில் ஒரு மாடி வீடு ஓப்பன், பத்து மணியிலிருந்து பத்தரை வரை யாரும் வந்து பார்க்கலாம். பதினொரு மணிக்கு லிட்கம்மில் இன்னொன்று. என் உதவியாளர் காய்ச்சல் என்று காலை ஏழு மணிக்குச் செய்தி அனுப்பியிருந்தார். எனவே இரண்டு வீட்டுக்கும் நான் ஒருத்தி.

பென்டில் ஹில் வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். வீட்டு அம்மா ஒரேயொரு நிபந்தனை வைத்திருந்தார்: சப்பாத்தோடு யாரும் உள்ளே வரக்கூடாது. வாசலுக்கு நேரே சாமியறை. சப்பாத்துக்கு மேலே போடும் நீலப் பிளாஸ்டிக் உறை கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "செருப்புக்கு உறை போட்டாலும் அது செருப்புத்தானே" என்றார். சரி என்று, கழற்றும் சப்பாத்துகளை வைக்க வாசலில் இரண்டு தட்டு வைத்தேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர், நேபாளிகள், சீனர். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு போய்ப் பார்த்தார்கள்.

பத்து மணி பத்து நிமிடம் இருக்கும். வாசலில் எட்டுப் பேர் ஒன்றாக நின்றார்கள். முன்னால் கைக்குழந்தையோடு கோயம்புத்தூர்த் தம்பதி. வங்கி அனுமதி கையில் இருக்கிறது, இந்த மாதமே முடிவெடுக்கிறோம் என்று சொன்னார்கள். என் கண்ணும் காதும் அவர்களிடம்தான் இருந்தன. இரண்டு பேருக்கும் நடுவால் சனிக்கிழமை அங்கிள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே தலையை நீட்டினார்.

"நான் வழமையான ஆள்தான் பிள்ளை. எழுதத் தேவையில்லை என்ன?"

"தேவையில்லை அங்கிள். போங்கோ."

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். சப்பாத்துக் கழற்றுகிறவர் எல்லாரும் சுவரைப் பிடிப்பார்கள்தானே.

பத்தரைக்கு ஆட்கள் கலைந்தார்கள். ஆட்களைப் பதியும் டாப்லெட்டில் பதினேழு பெயர். ஒவ்வொருவரும் வெளியே போகும்போது நான் குறித்துக்கொள்வது வழக்கம். பதினேழும் போய்விட்டார்கள். மேல்மாடியைச் சுற்றி வந்தேன். கீழே இறங்கி, முன் அறைகளைப் பார்த்து, பின்பக்கத் தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தேன். அதன் கோடியில், சலவை அறையைத் தாண்டி ஒரு சிறிய அறையும் ஒரு குளியலறையும் உண்டு. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது, விளக்கு எரியவில்லை. யாரோ பொறுப்பாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நான் காலையில் எல்லாக் கதவுகளையும் திறந்துதான் வைத்திருந்தேன். லிட்கம் போக இருபது நிமிடம் வேண்டும். திருட்டு அலாரத்தைப் போட்டு, முன் கதவைப் பூட்டி, கொடியைச் சுருட்டி, தட்டைத் தூக்கப் போனபோதுதான் பார்த்தேன்.

தட்டில் ஒன்றும் இல்லை. தட்டுக்குப் பக்கத்தில், ஒருவர் காலிலும் இடறாதபடி சுவரோடு ஒட்டி, ஒரு சோடி மண்ணிறச் சப்பாத்து இருந்தது. உள்ளே காலுறைகள் உருட்டி வைக்கப்பட்டிருந்தன.

இனி நான் எழுதுவதைக் கவனித்துப் படியுங்கள். அவசரத்தில் மனம் என்ன செய்யும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அது எனக்கு வேண்டிய பதிலை வரிசையாகக் கொண்டுவந்து தந்தது. முதலில், வீட்டுக்காரருடைய சப்பாத்தாக இருக்கும் என்றது. வீட்டுக்காரர் ஆறடி மனிதர், இது சின்னக் கால். அடுத்ததாக, யாரோ மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்றது. மாறிப் போட்டால் காலுறையை உருட்டி வைத்துவிட்டா போவார்கள்? அதற்கும் மனம் விடவில்லை. மூன்றாவதாக ஒரு நல்ல பதில் தந்தது: உள்ளே ஆள் இருந்தால் அலாரம் அடித்திருக்கும். அடிக்கவில்லை. ஆகவே உள்ளே ஆள் இல்லை.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சப்பாத்தைத் தூக்கிச் செடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, காரில் ஏறிப் புறப்பட்டேன்.

இரண்டாவது சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் அந்த மூன்றாவது பதிலை மறுபடி யோசித்தேன். அந்த அலாரம் அசைவுக்கு அடிப்பது. உணரிகள் கூடத்திலும் படியிலும் தாழ்வாரத்திலும் இருந்தன. குளியலறையில் இல்லை. கதவுக்குப் பின்னால் ஒருவர் அசையாமல் கிடந்தால் அது எப்படி அடிக்கும்? நான் நிம்மதி என்று எடுத்துக்கொண்ட அதே அமைதி இப்போது வேறு மாதிரிப் பட்டது.

பச்சை விழுந்தது. அடுத்த தெருவில் காரைத் திருப்பினேன். அப்போது தலைவி போன் எடுத்தார். லிட்கம்மில் ஆட்கள் கேற்றடியில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள், எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். நெரிசல் என்று சொல்லியிருக்கலாம். சனிக்கிழமை காலையில் அதை யார் நம்பமாட்டார்கள்? ஒரு ஆளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். ஒரு சோடிச் சப்பாத்து மிஞ்சியிருக்கிறது என்றேன். லிட்கம்முக்குத் தான் போவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏசவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவரிடம் இத்தனை வருடம் வேலை செய்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

கதவைத் திறந்து, அலாரத்தை நிறுத்தி, என் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே ஓடினேன். சாமியறையைத் தாண்டும்போது அது நினைவுக்கு வந்தது. நிற்கவில்லை.

குளியலறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே, குளிக்கும் இடத்து ஓட்டுத் தரையில், சுவரில் சாய்ந்தபடி சனிக்கிழமை அங்கிள் இருந்தார். கால் இரண்டும் நீட்டியிருந்தன. போட்டிருந்த சேட் தண்ணீரில் நனைத்தது போல வியர்வையில் ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வலது கையில் தையற்காரர் வைத்திருக்கும் துணி அளவுநாடா.

அவசர இலக்கத்துக்கு அடித்தேன். அந்தப் பக்கத்துப் பெண் அமைதியாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூச்சு விடுகிறாரா? விடுகிறார். அவருடைய பெயர் என்ன? தெரியாது. வயது? தெரியாது. என்ன நோய்கள் உண்டு? தெரியாது. யாராவது உறவினரின் இலக்கம்? தெரியாது. இவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்று அவள் கேட்டாள். ஓம், ஒவ்வொரு கிழமையும் காண்கிறவர் என்றேன். அது என் காதிலேயே எப்படி விழுந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் டாப்லெட்டில் பதினேழு பேருடைய விபரம் இருந்தது. அதில் ஒருவருடைய நாய்க்குப் புல்தரை வேண்டும் என்பதுகூட எழுதியிருந்தேன். வருத்தம் வந்து கிடப்பவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்ததை அழித்தவள் நான்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னாள். பக்கத்தில் முழங்காலில் இருந்து கேட்டேன். முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு, "ஊசி போட்டனான்" என்றார்.

"காலமை சாப்பிட்டனீங்களோ அங்கிள்?"

"பத்து மணிக்கு ஓப்பன் எல்லோ" என்றார்.

அவருக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது. இன்சுலின் ஊசியைப் போட்டுவிட்டு, வீடு பார்க்க நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

விழுங்கக்கூடியவராக இருந்தால் இனிப்பாக எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள் என்றாள் அந்தப் பெண். வீட்டுக்காரரின் பொருளில் விரல் படக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. உங்களுக்கும் அதைத்தான் முதல் நாள் சொல்லித் தந்தார்கள். நான் குசினிக்கு ஓடி அவர்களுடைய குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். கதவுத் தட்டில் இனிப்பு நெல்லிச் சாறான நெல்லிக்கிரஷ் போத்தல் இருந்தது. பாதிக் கோப்பைக்கு அதை ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கரண்டியோடு ஓடி வந்தேன். தலையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு மிடறும் தொண்டைக்குள் இறங்கியதைப் பார்த்துப் பார்த்து அடுத்ததைக் கொடுத்தேன். போன் ஒலிபெருக்கியில் தரையில் கிடந்தது. நல்லது, அப்படியே செய்யுங்கள் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முதலில் கையின் நடுக்கம் குறைந்தது. பிறகு கண் என்னைத் தேடி வந்து நின்றது. கரண்டியைத் தன் கையால் வாங்கப் பார்த்தார்.

"என்ர சப்பாத்து வெளியில கிடக்கு" என்றார்.

"கண்டனான் அங்கிள்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே வரும்போது அவர் கோப்பையைத் தானே பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

விரலில் குத்திப் பார்த்தார்கள். இன்னொரு தரம் பார்த்தார்கள். சீனி அளவு ஏறுகிறது, பயமில்லை என்றார்கள். நல்ல சாப்பாடு சாப்பிடவேண்டும், வீட்டார் ஒருவர் வந்து கூட நிற்கவேண்டும், இன்றைக்கே குடும்ப வைத்தியரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, சாப்பிடும் வரை தாங்களும் நின்றார்கள்.

"மகளுக்குச் சொல்லாதையும் பிள்ளை" என்றார் அங்கிள். "பிறகு அவள் என்னைத் தனிய வெளிக்கிட விடமாட்டாள்."

இங்கேயும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. பாவம் பார்த்துத் தலையாட்டுவது சுலபம். ஒரு காலையில் ஒரு பிழை போதும் என்று நினைத்தேன். டாப்லெட்டை எடுத்து, முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். சிவபாதம் என்றார். எழுதினேன். மகளின் இலக்கத்தைக் கேட்டேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். மகள் பக்கத்தில்தான், கிரேஸ்டேன்ஸில் இருந்தாள். உடனே வருவதாகச் சொன்னாள்.

அடுத்து எடுக்க வேண்டிய போன்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டியது, குளிர்ப்பெட்டியைத் திறந்தது, சப்பாத்தோடு ஓடியது வரை. விற்பனையை வேறு ஆளிடம் கொடுக்கப்போகிறேன் என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"மனுசன் சாப்பிட்டவரோ?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன்.

"குளிர்ப்பெட்டியில ரெண்டாவது தட்டில இடியப்பமும் சொதியும் கிடக்கு. சூடாக்கிக் குடும். சம்பல் குடாதையும், உறைப்பு."

அந்த மனுஷியின் சாப்பாட்டு மேசையில், அங்கே நாங்கள் அழகுக்கு வைத்திருந்த போலிப் பழங்களை ஒதுக்கிவிட்டு, சிவபாதம் அங்கிள் ஆறு இடியப்பம் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம். சக்கர நாற்காலி. மகள் வீட்டில் குளியலறை மேலே. அதனால் மனைவியைக் கீழே சலவை அறையில் கதிரையில் இருத்தி, குழாயில் வாளி வைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். வேறு வீடு வாங்க மகள் தயார். ஆனால் மருமகனுக்குச் சனிக்கிழமையும் வேலை, மகள் தாயைத் தனியே விட்டு வெளிக்கிட முடியாது. ஆகவே வடிகட்டும் பொறுப்பு இவருடையது. கீழே படுக்கையறையும் குளியலறையும் உண்டா, கதவு எத்தனை அங்குலம், நாற்காலி உள்ளே திரும்புமா என்று இவர் பார்த்து வந்து சொன்னால், பொருந்துகிற வீட்டுக்கு அவர்கள் பேசப் போவார்கள். அவர் விலை கேட்காததன் காரணம் அது. அன்று குனிந்து அளக்கும்போதுதான் தலை சுற்றியிருக்கிறது. கதவு காற்றில் சாத்திக்கொண்டதாம்.

நேரம் போக்க வருகிறவர் என்று நான் அழித்த ஆள், அந்த மூன்று மாதத்தில் என் வாசலுக்கு வந்தவர்களில் ஒரு வீட்டின் தேவையை மிகத் துல்லியமாகத் தெரிந்தவர். எடை போடுவதில் எனக்கு இருந்த கெட்டித்தனத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. ஆட்களை எடை போடாதீர்கள் என்று சொல்லவும் மாட்டேன். இந்தத் தொழிலில் அதைச் செய்யாமல் முடியாது. திங்கட்கிழமை போன் எடுக்கும்போது செய்யுங்கள். வாசலில் செய்யாதீர்கள். வாசலில், வருகிற எல்லாரையும் எழுதுங்கள். போகிற எல்லாரையும் குறியுங்கள். சாத்தியிருக்கும் கதவை, யார் சாத்தியது என்று தெரியாவிட்டால், திறவுங்கள்.

மகளின் கார் வந்தபோது ஆம்புலன்ஸ் ஆட்கள் இன்னும் நின்றார்கள். முன் இருக்கையில் அங்கிளின் மனைவி. வீட்டில் தனியே விட முடியாது, கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் என்னிடம் ஆங்கிலத்தில் மூன்று தரம் நன்றி சொன்னாள். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய அம்மா கார்க் கண்ணாடியை இறக்கிக் கணவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"உயிரோட இருக்கிறீங்கள் போல."

"இடியப்பம் சாப்பிட்டனான்" என்றார் அவர்.

"ஆற்ற வீட்டு இடியப்பம்?"

அவர் வீட்டு வாசலைக் கையால் காட்டினார். அம்மா என் பக்கம் திரும்பினார். "மூண்டு மாசமா எனக்கு வீடு வீடா விளங்கப்படுத்துறார் பிள்ளை. நான் ஒண்டையும் கண்ணால காணேல்லை. இதையாவது பாக்கலாமோ?"

முன் வாசலில் இரண்டு படி, நாற்காலி ஏறாது. எங்கள் தொழிலில் கராஜ் கதவை யாருக்கும் திறந்து வைப்பதில்லை. அங்கே வீட்டுக்காரர் மறைத்து வைத்த சாமான்கள் முகடு வரை கிடக்கும். அதைத் திறந்தேன். உள்ளே போகும் வழி சமதளம். மகள் நாற்காலிச் சில்லுகளை ஈரத் துணியால் துடைத்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே துடைத்தாள். தாழ்வாரத்தில் சிவபாதம் அங்கிள் முன்னால் நடந்து, கதவகலம், சுவர், ஓடு என்று சொல்லிக்கொண்டே போனார். ஆம்புலன்ஸ் பெண் ஒருத்தி, கையுறையைக் கழற்றிக்கொண்டு, அவருக்குப் பின்னால் வந்தாள்.

அம்மா குளியலறைக்குள் நாற்காலியைத் தானே உருட்டினார். ஒரு கையால்தான் முடியும். முன்னுக்கு, பின்னுக்கு, மறுபடி முன்னுக்கு. மூன்றாம் தரம் கால் தாங்கி மலசலகூடத்தில் இடித்தது.

"இடம் காணாது" என்றார்.

"அந்த மூலைச் சுவரை எடுத்தால் காணும்" என்றார் அங்கிள்.

"உங்கட வீடே, சுவர் எடுக்க?"

எல்லாரும் சிரித்தோம். காலையிலிருந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. குசினியைப் பார்த்தார், கிழக்கு எது என்று கேட்டார், சாமியறைக்கு முன் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு படிக்கட்டின் அடியில் நாற்காலியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்.

"மேல என்ன இருக்கு?"

வாங்க மாட்டார்கள். அது குளியலறையிலேயே முடிந்துவிட்டது. அவர்கள் பிறகு வேறொரு ஏஜென்டிடம் ஒரு மாடியில்லாத வீடு வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அன்றைக்கு நான் மகளின் போனுக்கு வீடியோவில் அழைத்து, அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, என் போனோடு மாடிக்கு ஏறினேன். ஒரேயொரு ஆளுக்காக நான் நடத்திய ஓப்பன் ஹவுஸ் அது. முக்கால் மணித்தியாலம் நீண்டது.

"இடப்பக்கம் காட்டும்" என்றது கீழிருந்து வந்த குரல். காட்டினேன். "அது என்ன கதவு? திறவும்." திறந்தேன். அலுமாரி. "கொஞ்சம் நில்லும் பிள்ளை. பின்னுக்கு வாரும். அந்தச் சன்னல் கொக்கி கொளுவாமல் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். கொளுவவில்லை. பத்தரை மணிக்கு நான் பார்த்துவிட்டதாக நம்பிய சன்னல்.

கொளுவினேன். பிறகு மாடியில் இருந்த மற்ற சன்னல்களுக்கும் ஒவ்வொன்றாகப் போனைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். அம்மா ஒவ்வொன்றையும் ஆற அமரப் பார்த்து, ஓம் என்று சொன்ன பிறகே அடுத்ததற்குப் போனேன்.